மேசையைத் தட்டிய கை

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்றது ஐந்து, தங்கையின் மகனையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் இந்தக் கனடாவில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். ஒருவரும் இன்றுவரை என் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை. அப்படிப்பட்ட என்னிடம், பத்துப் பேர் பார்த்திருக்க, "இல்லை மேடம், நீங்கள் செய்தது இதுதான்" என்று சொன்ன ஒரே மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் சொல்லுவேன், அவள்தான் பொறுக்கவேண்டும்.

அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். கசினோவில் வேலை செய்தவர் என்றால் சம்பந்தம் பேசுகிற இடத்தில் எங்கள் சனம் இன்னும் முகத்தைச் சுளிக்கும். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இப்போது அவர் அங்கே இல்லை, மேற்குப் பக்கமாகக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று கேள்வி. பஸ்ஸில் நாங்கள் அவரை "நடுவர்" என்போம்.

செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது மணிக்கு மோர்னிங்சைட்டில் பலசரக்குக் கடைக்கு முன்னால் கசினோ பஸ் வந்து நிற்கும். ஏறுகிறவர்களில் பாதி எங்கள் ஆட்கள், மீதி சீனர்கள். வீட்டில் கோயிலுக்கு என்றும் டொக்டரிடம் என்றும் சொல்லிவிட்டு வருகிறவர்களும் உண்டு. நான் அப்படி ஒளித்ததில்லை. கசினோவுக்குப் போகிறேன், மத்தியானச் சோறும் அங்கேதான் என்று கூட இருக்கிற மகனுக்கு, இந்தப் பேத்தியின் அப்பாவுக்கு, நேராகவே சொல்லுவேன். மற்றவர்கள் மெஷினுக்கு முன்னால் இருந்து பொத்தானை அமத்திக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது சரிவரவில்லை. மெஷினுக்கு முகம் இல்லை. முந்நூற்றுநாலு என்ற எங்கள் ஊர்ச் சீட்டு விளையாட்டில் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தே அவர் கையில் உள்ள சீட்டைச் சொல்லிவிடுகிறவள் நான். ஆகவே ஆறு மாதம் போக்கர் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஏழாம் மாதம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

முந்நூற்றுநாலில் சண்டை வந்தால் குரல் பெரிய ஆள் வென்றவர். கசினோவில் அப்படி இல்லை. சீட்டுப் போடுகிற பிள்ளை ஒரு கையை உயர்த்தும், நடுவர் வருவார். கறுப்புக் கோட்டு, கறுப்புச் சப்பாத்து. செவ்வாய்க்கிழமையென்றால் வேலைக்கு வரமுதல் திருநீற்றை அழித்துவிட்டு வருவார், ஆனால் காதோரத்தில் கொஞ்சம் எப்போதும் மிஞ்சியிருக்கும். வந்ததும் முதல் வேலை, எல்லாருடைய கையையும் மேசையிலிருந்து எடுக்கச் சொல்லுவது. பிறகு சீட்டுப் போட்ட பிள்ளையிடம் மாத்திரம் கேட்பார், என்ன நடந்தது என்று. அந்த நேரம் ஒருவருடைய முகத்தையும் பார்க்கமாட்டார். பச்சைத் துணியையும் அதில் கிடக்கிற காய்களையும்தான் பார்ப்பார். காய் என்றால் காசுக்குப் பதிலாகத் தருகிற வட்டத் துண்டு. தலையைச் சற்றுச் சரித்து, நிலத்தில் விழுந்த ஊசியைத் தேடுகிறவர் மாதிரி நிற்பார். பிறகு இரண்டே வசனத்தில் தீர்ப்பு. அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது.

நான் அவரிடம் முதன்முதல் அகப்பட்டது இருபத்தொரு காயில். தாடி வைத்த பெரிய உடம்புக்காரன் ஒருவன், லொறி ஓட்டுகிறவனாம், இருபது வைத்தான். நானும் விளையாட நினைத்து இருபதை வைத்தேன். வைத்த கையோடு மேலே இன்னும் ஒரு காயை வைத்தேன். கலியாண வீட்டில் நூற்றொன்று கொடுத்துப் பழகிய கைக்கு மொட்டையாக இருபது வைக்க மனம் வருமா? தாடிக்காரன் எழும்பிவிட்டான். நான் பந்தயத்தைக் கூட்டுகிறேனாம், கூட்டுகிற முறை அது இல்லையாம். நடுவர் வந்தார், பார்த்தார். ஒற்றைக் காயைச் சுட்டுவிரலால் என் பக்கம் தள்ளினார்.

"இருபதுக்கு இருபது. மிச்சம் உங்களுடையது மேடம்" என்று இங்கிலீசில் சொன்னார்.

கொடுத்த காசைத் திருப்பி எடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்று நான் தமிழில் சொன்னேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். விளையாட்டு நடக்கும்போது மேசையில் இங்கிலீசைத் தவிர வேறு பாஷை பேசக்கூடாது. அது அங்கத்தைய சட்டம். கோப்பி எடுக்கப் போன இடத்தில்தான் வாய் திறந்தார்.

"அன்ரி, மொய் எழுதுற இடம் வேறை. இஞ்சை இருபது எண்டால் இருபது."

"தம்பி, நீர் எந்த ஊர்?"

"மேசைக்குக் கிட்ட எனக்கு ஊர் இல்லை அன்ரி" என்றுவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம்தான். ஆனால் அன்றைக்கே ஒன்றைக் கவனித்துவிட்டேன். அந்த ஒற்றைக் காயை வைத்ததும் மேசையில் இருந்தவர்களின் முகம் மாறியது. கிழவி கூட்டப்போகிறாள் என்று நினைத்து, நல்ல சீட்டு உள்ளவன் நிமிர்ந்தான், இல்லாதவன் பின்னால் சாய்ந்தான். ஒரு டொலர் காயில் நாலு பேருடைய சீட்டு எனக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த கிழமை திரும்பவும் வைத்தேன். இங்கிலீசு தெரியாத கிழவி, பாவம் என்று காயைத் திருப்பித் தந்தார்கள். அதற்கடுத்த கிழமையும் வைத்தேன். இங்கிலீசு எனக்கு வேண்டிய அளவு விளங்கும் என்பதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

மூன்றாம் முறை நடுவர் வந்தார். இனி இந்த அம்மா ஒரு காய் கூடுதலாக வைத்தால் அது கூட்டினதாகக் கணக்கு, இருபது நாற்பதாகும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் சொன்னார்:

"உங்கட சம்பிரதாயம் எனக்கும் தெரியும் அன்ரி. காயை வைக்கேக்கை உங்கட கண் எங்கை போகுது எண்டும் தெரியும்."

அதோடு இருபத்தொன்று நின்றது.

எங்கள் ஆள் ஒருவர் மேற்பார்வைக்கு நிற்கிறார், எங்களுக்குக் கொஞ்சம் சாய்ந்து போவார் என்று பஸ்ஸில் எத்தனை பேர் நம்பினார்கள். மிசிசாகாவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து நின்ற ஒரு அண்ணையும் அதில் ஒருவர். ஊரில் வங்கியில் இருந்தவர். அவருக்குக் காசைக் கண்டால் முன்னால் தள்ளி ஐந்தைந்தாக அடுக்கி எண்ணவேண்டும். ஒருநாள் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, இருந்த காய் முழுவதையும் இரண்டு கையாலும் முன்னுக்குத் தள்ளினார். அங்கே ஒரு கோடு இருக்கிறது. கோட்டைத் தாண்டினால் வைத்ததுதான். நடுவரைக் கூப்பிட்டார்கள். அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நான் எண்ணத்தான் தள்ளினேன், என்னிடம் இருப்பது வெறும் குப்பைச் சீட்டு என்று தமிழில் புலம்பினார். நடுவருடைய முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முழுக் காயும் வைத்ததாகத் தீர்ப்பு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அண்ணையின் கை நடுங்குகிற நடுக்கத்தைப் பார்த்து, சீனத்துக் கிழவர்கள் இரண்டு பேரும் தாடிக்காரனும் பயந்து சீட்டைப் போட்டுவிட்டார்கள். குப்பைச் சீட்டோடு அண்ணை மேசையை வழித்து எடுத்தார். ஓடிப்போய் நடுவருக்கு நன்றி சொன்னார்.

"நான் உங்களுக்கு எதிராத்தான் சொன்னனான்" என்றார் நடுவர்.

மனதில் என்ன இருந்தது என்பதைக் கடவுளிடம் கேளுங்கள், கை என்ன செய்தது என்பதை என்னிடம் கேளுங்கள் என்பது அவருடைய கதை. ஏன் தம்பி இப்படி மரக்கட்டை மாதிரி நிற்கிறீர் என்று ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு பஸ் பிந்தியது, அவருக்கும் இடைவேளை. அகதி விசாரணையில் தனக்கு நடந்ததைச் சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர் நல்ல மனிதராம். பாவம் பொடியன் என்று நினைத்து, இவர் சொன்னதை இன்னும் கொஞ்சம் திருத்தி, கண்ணீர் வரக்கூடியதாகச் சொல்லிவிட்டாராம். எழுதிக் கொடுத்ததும் வாயால் வந்ததும் ஒத்துவரவில்லை. பொய் சொல்லுகிறான் என்று தள்ளிவிட்டார்கள். அதை நேராக்க இரண்டு வருடம் போனதாம். "நல்ல மனிசர் அன்ரி. அவராலைதான் நான் இரண்டு வருஷம் தவிச்சனான்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி என்னுடைய வழக்குக்கு வருகிறேன். அன்றைக்கு என் கையில் இரண்டு ராசாக்கள் வந்தன. இருக்கிறதுக்குள் பெரிய சோடிகளில் ஒன்று. முதல் மூன்று சீட்டை மேசையில் விரித்தார்கள், அதில் என்னைக் கெடுக்க ஒன்றும் இல்லை. என் முறை வந்தது. நான் காசு வைக்காமல் மேசையை விரலால் தட்டினேன். மேசையைத் தட்டினால், இப்போது ஒன்றும் வைக்கவில்லை, அடுத்தவர் பார்க்கட்டும் என்று அர்த்தம். தாடிக்காரனுக்கு ஆசை காட்டி அவனை முதலில் காசு வைக்கப் பண்ணுவதுதான் என்னுடைய திட்டம். அவனும் தட்டினான். எல்லாரும் தட்டினார்கள். அடுத்த சீட்டு விழுந்தது. சிவப்பு இதயம். மேசையில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு இதயம் கிடந்தது. தாடிக்காரனின் கழுத்து நரம்பு எழும்பியதை நான் கண்டேன். ஒரே இனச் சீட்டு ஐந்து சேர்ந்தால் எந்தச் சோடியையும் வென்றுவிடும், அவனுக்குச் சேர்ந்துவிட்டது. என் ராசாக்கள் இரண்டும் செத்துப்போனார்கள்.

அந்த நேரத்தில் என் மூளை என்ன வேகமாக வேலை செய்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்கே மெச்ச வேண்டும்போல் இருக்கிறது. மேசையில் அப்படியே கிடந்த கையைக் கொண்டுபோய் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். நான் தட்டவில்லை, காசு புழங்குகிற மேசையைத் தொட்டுக் கும்பிட்டேன், என்னுடைய முறை இன்னும் முடியவில்லை, என்னைக் கேளாமல் போட்ட சீட்டைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று சொன்னேன். சீட்டுப் போட்ட பிள்ளை பிலிப்பைன்ஸ்காரி, வேலைக்கு வந்து இரண்டு கிழமை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையை உயர்த்தினாள்.

நடுவர் வந்தார். இந்த ஒருமுறை என் பக்கம் சொல்லாமல் தப்பமாட்டார் என்று எனக்கு நம்பிக்கை. காலில் ஒரு கடதாசி பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற சனம் நாங்கள். அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? காதோரத்தில் திருநீறு வேறு இருந்தது. அவர் அந்தப் பிள்ளையிடம் கேட்டார், அம்மாவின் விரல் மேசையில் பட்டதா என்று. பட்டது என்றாள். எத்தனை தரம் என்றார். இரண்டு தரம் என்றாள்.

"தட்டினது தட்டினதுதான் மேடம். சீட்டு நிற்கும்" என்று இங்கிலீசில் தீர்ப்பு.

அதுவரை வைத்த காசு போயிற்று. போகட்டும், அது விளையாட்டு. ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ஒருத்தி, அக்காவின்ரை சாமி கண்ணிலை ஒத்தினாப் பிறகும் வரேல்லையாம் என்று சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. சீனக் கிழவிகளும் என்னவென்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம் பாதிக் கதையைச் சொன்னேன். தொட்டுக் கும்பிட்ட பாதியை. அவன் கந்தோரில் பெரிய வேலை. இருந்த இருப்பில் மூன்று பக்கம் கடிதம் அடித்து அனுப்பிவிட்டான். தாயின் சமய நம்பிக்கையை ஒரு அலுவலர் பொது இடத்தில் அவமதித்துவிட்டார் என்று.

இரண்டு கிழமைக்குப் பிறகு நான் போனபோது நடுவரைக் காணவில்லை. வேறு ஒரு இளம் ஆள் நின்றார். பிலிப்பைன்ஸ் பிள்ளை என் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னாள். உங்கள் கடிதத்தால் அவரை மேசைப் பக்கம் விடுவதில்லை, விசாரணை நடக்கிறது, குற்றம் என்று கண்டால் வேலை போய்விடும் என்று. எனக்கு இங்கிலீசு விளங்காது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் காட்டிக் காட்டி வேறு சொன்னாள். அன்றைக்கு மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஆனாலும் போய் உண்மையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் பஸ் இன்னும் சிரிக்கும். கடிதம் எழுதின மகனுடைய முகத்தில் எப்படி முழிப்பது?

பிறகு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்கு ஓடினான். அன்றைக்குப் பார்த்து நல்ல ஸ்நோ. ஒஷாவாவிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வழியில் நின்றுவிட்டார். மனேஜர் ஒரு வெள்ளைக்கார அம்மா, குட்டை மயிர், நல்ல மாதிரி. இன்னொரு நாள் வைப்போம் என்றா. மேசையின் மற்றப் பக்கத்தில் நடுவர் இருந்தார். கோட்டு இல்லாமல், கம்பளிச் சட்டையோடு. ஆள் சின்னதாகிப்போனது போலத் தெரிந்தது.

எனக்குக் குறுக்குப் புத்தி ஒன்று வந்தது. "இவர் சொல்லட்டும்" என்று கையால் அவரைக் காட்டினேன். மனேஜர் அம்மா அது முறையில்லை என்றா. அவரும் முறையில்லை என்றார். நான் விடவில்லை. கடைசியில் எனக்குச் சம்மதம் என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். என் பெயரை நான் வடிவாக எழுதுவேன். தன் கழுத்துக்கே கத்தி வரும்போது இந்த மனிதர் சொல்லை எங்கே வளைக்கிறார் என்று பார்க்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வளைத்தால் இங்கிலீசிலேயே பிடித்துக் கொடுத்துவிடுவேன்.

"உவருக்குச் சாமிப் பயம் இல்லை எண்டு சொல்லும்" என்று தொடங்கினேன்.

"எனக்குக் கடவுள் பயம் இல்லை என்று இந்த அம்மா சொல்லுகிறார்" என்றார் மனேஜரிடம்.

"ஆக்களை மதிக்கத் தெரியாது. பெரிய வெள்ளைக்காரத் துரை மாதிரி நடப்பு."

அதையும் அப்படியே சொன்னார். மனேஜர் அம்மாவின் முகம் சிவந்தது.

"தம்பி, உதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்று மெல்ல முணுமுணுத்தேன்.

"முந்தினதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இந்த அம்மா சொல்லுகிறார்" என்று அதையும் சொன்னார். மனேஜர் அம்மா இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டா.

பிறகு அவா விஷயத்துக்கு வந்தா. மேலே கமரா இருக்கிறது, விரல் மேசையில் படுவதும் கை கண்ணுக்குப் போவதும் அதில் தெரிகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை, அதை நான்தான் சொல்லவேண்டும் என்றா. நடுவர் என் பக்கம் திரும்பினார். ஒரு வழக்கு நடக்கும்போது முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"மேசையைத் தட்டேக்கை உங்கட மனசிலை என்ன இருந்தது எண்டு கேக்கிறா அன்ரி."

நாடியில் சவரக் கத்தி வெட்டின காயம் ஒன்று. கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனால் குரல், இருபதுக்கு இருபது என்று சொன்ன அதே குரல். நான் லட்சுமியை நினைத்தேன் என்றால் அவர் லட்சுமி என்றுதான் சொல்லுவார். ஒரு சொல் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். தன் வேலையைத் தின்னப்போகிற வசனத்தையும் பிழையில்லாமல் சொல்லி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். எத்தனையோ பேருடைய முகத்தைப் படித்தவள் நான். அந்த முகத்தில் எனக்கு எதிராக ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளோடு எப்படி விளையாடுவது?

"மனசிலை ரெண்டு ராசா இருந்தவை" என்றேன். "அந்தத் தாடிக்காரனை முதல் காசு வைக்கப் பண்ணத்தான் தட்டினனான். கண்ணிலை ஒத்தினது சிவப்புச் சீட்டு விழுந்தாப் பிறகு வந்த யோசனை. சாமிக்கும் உதுக்கும் சம்பந்தம் இல்லை."

அவர் மனேஜர் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். ராசா இரண்டு, தாடி, சிவப்புச் சீட்டு, பிறகு வந்த யோசனை, ஒன்றும் விடவில்லை. நான் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில்கூட என்னைக் காப்பாற்ற அவர் முயலவில்லை. தன்னையும் உயர்த்தவில்லை.

மனேஜர் அம்மா பேனையை வைத்துவிட்டு, இப்படிச் செய்கிற ஆளுக்கு உங்கள் மேசையில் என்ன வழக்கம் என்று அவரையே கேட்டா. அவர் மேசையைப் பார்த்தார்.

"ஒரு மாதம் போக்கர் இல்லை. மெஷின் விளையாடலாம்."

தன்மேல் வழக்கு வைத்த கிழவிதானே என்று ஒரு கிழமை கூட்டிச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னாளே என்று ஒரு கிழமை குறைத்திருக்கலாம். இரண்டும் இல்லை.

கோட்டுப் போடுகிற இடத்தில் அவர் வந்து என் கோட்டைப் பிடித்தார். நான் கையை நுழைத்தேன். நன்றி சொல்லுவார், அல்லது இரண்டு சூடான சொல் சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்ரி, அஞ்சு பேர் இருக்கிற மேசையிலை ரெண்டு ராசாவை வைச்சுக்கொண்டு தட்டினது பெரிய பிழை. உடனை காசை வைச்சு ஆக்களைக் கலைச்சிருக்கவேணும். சும்மா பாக்க விட்டபடியால்தான் அந்தச் சிவப்பு வந்து உங்களைத் திண்டது."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே புத்திமதி அதுதான். பிறகு நான் எத்தனை தரம் ராசாவோடு வென்றேன் என்று இங்கே சொன்னால் பெருமையாகப் போய்விடும்.

மகனுக்கு நான் சொன்னது வேறு. அவர்கள் எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டார்கள், நான் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன் என்று. அவன் அதை இன்றைக்கும் பிறந்தநாள் வீடுகளில் நாலு பேருக்குச் சொல்லுகிறான். அம்மா கசினோவையே மண்டியிட வைத்தவ என்று. நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறேன்.

சரி பிள்ளை, எழுதினது காணும். இனி முதலிலிருந்து ஒருக்கா வாசி, பாப்பம். ஒண்டையும் திருத்தாதை, ஒண்டையும் விடாதை. கொஞ்சம் உரத்து வாசி. உன்ரை அப்பா குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டுதான் நிக்கிறார், அவருக்கும் கேக்கட்டும்.